மலைமேற் கல்லும் பழைய கருவியும்

பழையவை கழிந்து புதியவை வந்து சேர்தல் குற்றமாகாது என்பது நன்னூலார் நமக்கு அளித்த விதி. சொற்களுக்கும் இலக்கணத்திற்கும் கூறப்பட்ட அவ்விதியை இன்று நாம் கருவிகளுக்கும் விரித்து வழங்குகிறோம். ஆண்டுக்கொரு கைப்பேசி, ஈராண்டுக்கொரு கணினி என்று காலம் விரைகிறது. ஆயினும் ஒன்றைக் கழிப்பதற்கு முன் அது எதற்குப் பயன்பட்டது, எதற்குப் பயன்படவில்லை என்று ஆராய்ந்து பார்ப்பது கற்றோர் கடமை. எம் துறையிலுள்ள ஒரு பழைய ஒளிப்படக் கருவியை முன்னிறுத்தி அவ்வாராய்ச்சியை இம்மலரில் செய்ய விழைகின்றோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். நாட்டில் ‘புகைப்படம்’ என்று வழங்குகின்றனர். அதில் புகை எங்கும் இல்லை. ஒளியால் அமைவதனால் ‘ஒளிப்படம்’ என்பதே பொருந்தும். ‘கேமரா’ என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது என்று எம் சமுதாய மேடைகளில் சிலர் பெருமையோடு கூறக் கேட்டிருக்கின்றோம். அது சரியன்று. வளைகூரை அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. ‘இருட்டறை’ என்னும் பொருளுடைய தொடரின் ஒரு பாதி. ஆனால் இவ்வகையில் நாம் பெருமை கொள்ள உண்மையான காரணம் ஒன்று உண்டு. பசுரா நகரிற் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ஏறத்தாழ 1040ஆம் ஆண்டில் மறைந்த இப்னுல் ஹைதம் என்னும் அறிஞர், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை வந்தடைவதாலேயே காட்சி உண்டாகிறது என்று நிறுவினார். சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகும் ஒளியையும் அவர் ஆராய்ந்தார். மெய்யான பெருமை கையில் இருக்கப் பொய்யான சொற்பிறப்பு எதற்கு?

கருவி வந்த வரலாறு

யாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நடுகற்களைத் தேடி அலைந்த காலத்தில் எம்மிடம் இருந்தது படச்சுருள் இடும் கருவி. ஒரு சுருளுக்கு 36 படங்கள். சுருள் வாங்கவும் கழுவவும் படியெடுக்கவும் ஆகும் செலவை எண்ணியெண்ணியே விசையை அழுத்துவோம். கல்லின் எழுத்துத் தெளிவாக விழுந்ததா இல்லையா என்பது பத்து நாள் கழித்து நகரத்துக் கடையில்தான் தெரியும். விழவில்லையெனில் மீண்டும் பேருந்து, மீண்டும் நடை.

அந்நிலை மாறியது 2013இல். திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட எம் பழைய மாணவர் ஒருவர், தமக்குப் புதிய கருவி வாங்கியபின், தம் பழைய நிக்கான் டி 700 கருவியைத் துறைக்கு அன்பளிப்பாக ஈந்தார். 2008ஆம் ஆண்டு வெளிவந்த கருவி அது. அதற்கு முந்தைய ஆண்டில் செய்தியாளர்க்கும் தொழில் வல்லுநர்க்கும் என வந்த டி 3 என்னும் பெரிய கருவியின் ஒளியுணரியையே சற்றுச் சிறிய உடலில் அமைத்திருந்தனர். மக்னீசியக் கலவையால் ஆன உடல். தூசும் தூறலும் எளிதிற் புகாத இணைப்புகள். ஒன்றரை இலட்சம் முறை இயக்கிச் சோதிக்கப்பட்ட திரை. எம்மிடம் வருமுன்பே அது எத்தனையோ மணமக்களின் நாணத்தைக் கண்டிருக்கும்!

எம் துறை படச்சுருள் காலத்தில் வாங்கிய, கையாற் குவிக்கும் பழைய வில்லை ஒன்று பயனற்றுக் கிடந்தது. அதனை இக்கருவியில் பொருத்தினோம், ஒளியளவியும் இயங்கிற்று. முன்னோர் ஈட்டிய பொருள் பின்னோர்க்குப் பயன்படும்படி இணைப்பு வளையத்தை மாற்றாமல் காத்த அம்முறை எமக்கு மிகவும் உவப்பாயிற்று.

மலையும் கல்லும்

வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கத்து மக்களுக்குச் சவ்வாது மலை அன்றாடக் காட்சி. சந்தனமும் புளியும் தேனும் சாமையும் அம்மலையின் வளங்கள். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பெயரைக் கேட்டுக் கேரள நாட்டவர் என்று மயங்குவோர் உண்டு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்னும் பொருளது அப்பெயர். அவர் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர் என்பது அவர்தம் வழிவழிக் கூற்று.

தமிழ் மாணவர்க்கு இம்மலை இன்னொரு வகையிலும் நெருங்கியது. இங்குத் தோன்றும் சேயாற்றின் நாட்டையும் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனையும் பாடுவது மலைபடுகடாம். கூத்தர் செல்லும் வழியில் வீரர்களின் பெயர் பொறித்து நட்ட கற்கள் நிற்பதை அந்நூல் கூறும். அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். அவ்வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்துத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் பல அதன்வழி அறிஞர் உலகிற்குத் தெரியவந்தன. எருமைகளைக் காத்து மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற அவன் நாயையும் மறவாது பொறித்த எடத்தனூர்க் கல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினது. மன்னர்க்கு மெய்க்கீர்த்தி தோன்றுவதற்கு முன்பே மாடு மேய்த்தவனுக்கும் அவன் நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்த நாடு இது.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுக்கும். தக்க கல்லைத் தேடிக் காண்பதாகிய முதல் நிலைக்குக் ‘காட்சி’ என்று பெயர். ஒளிப்படக்காரர்க்கும் முதல் நிலை அதுவே என்று வகுப்பில் யாம் கூறுவதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், மலையிலிருந்து எம் துறைக்குப் பயில வந்த மாணவர் ஒருவர், “ஐயா, எங்க ஊர்ல சாமைக் கொல்லை ஓரமா ஒரு வேடியப்பன் கல்லு இருக்கு. எழுத்து மாதிரி ஏதோ இருக்கு” என்றார். நடுகல்லை வேடியப்பன் என்று வழிபடுவது இவ்வட்டார வழக்கம். ஒரு தை மாதக் காலையில் மாணவர் நால்வரோடு புறப்பட்டோம். ஊர்ப்பெயரை இங்குக் குறிப்பிடவில்லை. கற்களுக்கும் விலை பேசும் காலம் இது.

ஊர்ப் பெரியவரிடம் இசைவு பெற்று, காலணிகளைக் கழற்றி வைத்து, கல்லருகே சென்றோம். பெரிய புளியமரத்தின் அடர்நிழலில் முழங்காலளவு உயரத்தில் நின்றது அது. வில்லேந்திய வீரன் உருவம் எண்ணெயும் மஞ்சளும் ஏறி மங்கியிருந்தது. தலைக்குமேல் மூன்று வரி எழுத்து. மைப்படி எடுக்கலாம் என்றால், ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் அடிப்பதற்கு ஊரார் விரும்பவில்லை. அவர் வணங்கும் தெய்வத்தை யாம் அடிப்பதெங்ஙனம்? தொடாமல் படிக்க வேண்டும். அதற்கு ஒளி ஒன்றே துணை.

கருவியின் வலிமை

இங்குதான் பழைய கருவியின் வலிமை தெரிந்தது. மாணவர் ஒருவர் முதலில் தம் கைப்பேசியால் படம் எடுத்தார். படம் பளிச்சென்று அழகாக இருந்தது, எழுத்துத்தான் இல்லை! மங்கிய ஒளியில் கைப்பேசி பல படங்களை ஒன்றாக இணைத்து, அதில் தோன்றும் மணல்போன்ற புள்ளிகளை மழித்து, விளிம்புகளைத் தானே கூர்மையாக்கித் தருகிறது. முகத்திற்கு அது நன்று. ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் பட்ட கல்லில், சொரசொரப்புக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு மயிரிழை அளவே. அம்மயிரிழை மழிப்பில் போய்விட்டது. அன்றியும் இல்லாத கோடு ஒன்று கூர்மையாக்கத்தால் உண்டாகிவிட்டால், கல்வெட்டுப் படிப்பவன் நிலை என்னாவது? வட்டெழுத்தில் பகரமும் வகரமும் நெருங்கிய வடிவின. ஒரு சிறு வளைவு ஒருவன் வரலாற்றையே மாற்றிவிடும்.

எம் கருவியின் ஒளியுணரி 36 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 24 மி.மீ. உயரமும் உடையது, படச்சுருளின் ஒரு கட்டத்தை ஒத்தது. அதில் பதிவாகும் புள்ளிகள் 1 கோடியே 20 இலட்சம் மட்டுமே. இந்நாளில் இத்தொகை சிறியது. ஆனால் பெரிய பரப்பில் குறைந்த புள்ளிகளை அமைத்ததால் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 8.5 மைக்ரான் அளவினதாயிற்று. பல கைப்பேசிகளில் அது ஒரு மைக்ரானைச் சுற்றியே நிற்கும். மழைநீரைப் பிடிக்க அண்டாவும் வைக்கலாம், கிண்ணமும் வைக்கலாம். ஒரே மழையில் எதில் நீர் மிகுதியாகச் சேரும் என்பதைச் சொல்ல வேண்டா. மங்கிய ஒளியில் இக்கருவி பெயர் பெற்றதற்குக் காரணம் இதுவே.

மேலும், சமைக்காத அரிசிபோலப் பதிவை அப்படியே தரும் வசதி இதில் உண்டு. அம்மூலப்பதிவில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 ஒளிப்படிகள் வரை பதிவாகும். வழக்கமான சுருக்கப் படத்தில் நிறமொன்றுக்கு 256 படிகளே. கறுப்புக்கும் சற்றே குறைந்த கறுப்புக்கும் இடையே ஒளிந்திருக்கும் எழுத்தை மீட்க இது பெரிதும் உதவும். இக்காலக் கைப்பேசிகள் சிலவும் மூலப்பதிவு தரும். ஆயினும் சிறிய உணரியில் கிடைப்பது சிறிய அளவே.

மின்னொளி விளக்கைக் கருவியிலிருந்து பிரித்து மாணவர் கையில் கொடுத்தோம். கருவியின் தலையில் மடிந்திருக்கும் சிறு விளக்கே தொலைவில் உள்ள பெரிய விளக்குக்கு ஆணையிடும். கல்லின் முகத்தைத் தழுவிச் செல்லுமாறு விளக்கை இடப்புறம் தாழ்த்திப் பிடித்து ஒரு படம், வலப்புறம் ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. கருவி முக்காலியில் அசையாது நின்றது. மாலையில் நான்கையும் கணினியில் அடுத்தடுத்துப் பார்த்தோம். ஒளி வந்த திசைக்கேற்ப நிழல் மாறியதால் எது உளியின் வெட்டு, எது கல்லின் வெடிப்பு என்பது புலப்படலாயிற்று. இரண்டாம் வரியில் ‘தொறு’ என்னும் சொல் தெரிந்தது. மாட்டு மந்தையைக் குறிக்கும் பழஞ்சொல் அது. மூன்றாம் வரியில் ‘பட்டான்’ என்று முடிந்தது. போரில் வீழ்ந்தான் என்பது பொருள். முதலெழுத்துப் பகரமா வகரமா என்று யாம் ஐயுற்ற கோடு, வெறும் வெடிப்பு என்று மேலிருந்து எடுத்த படம் காட்டியது.

வீரன் பெயர் இருந்த இடமோ பொரிந்து உதிர்ந்திருந்தது. எக்கருவியாலும் அதனை மீட்க இயலாது. மலைச்சரிவில் யாரோ ஒருவன் மந்தையைக் காத்து மாண்டான் என்பது மட்டும் மிஞ்சிற்று. “பேரு தெரியலையா ஐயா?” என்று கேட்ட மாணவரின் முகம் இன்றும் எம் கண்முன் நிற்கிறது. அவர் ஊர்த் தெய்வத்தின் பெயரல்லவா அது!

கருவியின் எல்லைகள்

வலிமையை மட்டும் கூறி எல்லைகளை மறைப்பது ஆய்வாகாது. வில்லையின்றி இக்கருவியின் எடையே 995 கிராம். வில்லை, விளக்கு, முக்காலி என்று சேர்த்துச் சுமந்து மலையேறியவர் தோள்களைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்லும். இடக்குறிப்பைத் தானே பதியாது. எந்தக் கல் எந்த இடத்தது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பதிவட்டை ஒன்றுக்கே இடம் உண்டு. அவ்வட்டையும் பழைய வகையினது, சிற்றூர்க் கடைகளில் கிடைப்பதில்லை. ஆழ்ந்த நிழலை மிகுதியாக வெளிச்சமாக்கினால் புள்ளிகள் எழும். இவ்வகையில் பின்வந்த கருவிகள் பல படி மேலானவை. பெரிய சுவரோவியத்தை ஒரே படத்தில் நுணுக்கமாகப் பதிக்க 1 கோடியே 20 இலட்சம் புள்ளி போதாது.

எல்லாவற்றினும் பெரிய குறை, இதனால் அசையும் படம் எடுக்க இயலாது என்பதே. அக்குறையை அம்மலையிலேயே உணர்ந்தோம். யாம் படமெடுத்து முடிக்கும் வேளையில் மாணவரின் பாட்டியார் வந்து கல்லின் முன் அமர்ந்து, வேடியப்பனைப் பற்றித் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். எம் கையில் ஒரு கிலோ எடையுள்ள சிறந்த கருவி. ஆனால் அது செவிடு. மாணவர் தம் கைப்பேசியை எடுத்து, பாட்டியாரின் முகத்தையும் குரலையும் இறுதிவரை பதிந்தார். அன்று எழுத்தைக் காத்தது பழைய கருவி. குரலைக் காத்தது புதிய கருவி. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அன்றைய பணி அரைகுறையாகவே முடிந்திருக்கும்.

பாட்டு முடிந்ததும் மாணவர், “ஐயா, ஆயாவ ஒரு படம் எடுப்பீங்களா?” என்று கேட்டார். புளியமர நிழலின் மெல்லொளியில் எடுத்தோம். கருவியின் பின்புறத் திரையில் காட்டினோம். பாட்டியார் உற்றுப் பார்த்துவிட்டு, “இது என்கிட்ட இருக்குமா, இல்ல உங்க பெட்டியிலயே இருக்குமா வாத்தியாரே?” என்றார்.

கற்றறிந்தோர் கருத்தரங்குகளில் எழுப்ப வேண்டிய வினா அது. மலைவாழ் மக்களைப் படமெடுத்துச் செல்வோர் எத்தனையோ பேர். எடுத்த படத்தை அவரிடமே சேர்த்தோர் எத்தனை பேர்? 12 அங்குல அகலத் தாளில் நன்றாக அச்சிட இக்கருவியின் புள்ளிகள் தாராளமாகப் போதும். நகரத்தில் அச்சிட்டுச் சட்டமிட்டு மூன்று வாரத்தில் கொண்டு சேர்த்தோம். பாட்டியார் நெடுநேரம் பார்த்தார். “இது நானா? எங்க அம்மா மாதிரில்ல இருக்கு” என்றார். அவர் அன்னையாருக்குப் படமே கிடையாது. தம் முகத்திலேயே தாயின் முகத்தை முதன்முதலாகக் கண்டார் அம்மூதாட்டி.

எம் இல்லத்திலும் இத்தகையதொரு வறுமை உண்டு. படம் எடுப்பதைப் பேணுதலால் தவிர்த்தவர் எம் பாட்டனார். ஹஜ் பயணத்திற்கான கடவுச்சீட்டுக்கென ஒரே ஒரு முறை படக்கருவி முன் அமர்ந்தார். அச்சிறு படமே இன்று பேரன் பேத்தியர் அனைவருக்கும் அவரைக் காட்டுகிறது. அவர்தம் பேணுதலையும் மதிக்கின்றோம். அப்படம் இருப்பதற்கும் இறைவனுக்கு நன்றி கூறுகின்றோம்.

காவலூர் கற்பித்த பாடம்

இக்கருவியைக் கழிக்கும் பட்டியலில் சேர்க்கலாமா என்று துறையில் பேச்செழுந்தபோது, யாம் மேற்கூறியவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். ஆனால் எம் கூற்றினும் வலிய சான்று அம்மலையிலேயே இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து மலையேறினால் காவலூர். வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. அங்கு 1972இல் நிறுவப்பட்ட 102 செ.மீ. தொலைநோக்கி வழியே, 1977 மார்ச் 10 அன்று, யுரேனசுக் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அக்கோளின் வளையங்களுக்கான சான்று பதிவாயிற்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கு வந்தது. பெரியது வந்ததும் சிறியதைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. 2022இல் அதன் பொன்விழாவைக் கொண்டாடினர்.

காரணம் எளிது. ஒளியைச் சேர்க்கும் ஆடி பழையது. ஒளியைப் பதியும் பொறியோ காலந்தோறும் புதுப்பிக்கப்படுவது. முன்னர் வேதிப்பூச்சுக் கண்ணாடித் தகட்டில் வானைப் பதித்தனர். 1969இல் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவர் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய மின்னூட்டப் பிணைப்புக் கருவி, பின்னர் உலகின் வானியற் கூடங்களுக்கெல்லாம் கண்ணாயிற்று. 2009இல் அதற்காக அவ்விருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. எண்ணியல் ஒளிப்படக் கருவிகள் பலவற்றிற்கும் அதுவே முன்னோடி. பழைய ஆடியோடு புதிய பொறியை இணைத்துப் பயன்கொள்ளும் அம்முறையே, எம் பழைய வில்லையும் மாணவரின் கைப்பேசியும் ஒரே கல்லின் முன் நின்றபோது நிகழ்ந்தது. துறையினர் இதனை ஏற்றனர். கருவி பெட்டகத்திலேயே இருக்கிறது.

மாணவர்க்குச் சில சொற்கள்

நடுகல் ஆயிரத்து நானூறு ஆண்டு நின்றும் படிக்க முடிகிறது. எம் கருவியின் மூலப்பதிவை இன்னும் ஐம்பதாண்டு கழித்துத் திறக்கும் மென்பொருள் இருக்குமோ இருக்காதோ! ஆகவே மூலப்பதிவோடு, எல்லாக் கணினியிலும் திறக்கும் வடிவிலும் ஒரு படி வையுங்கள். ஒரே வட்டில் வைக்காதீர்கள். மூன்று இடங்களில் வையுங்கள். இன்றியமையாதவற்றைத் தாளில் அச்சிடுங்கள். படத்தின் பின்புறம் இடம், நாள், இருப்பவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள்.

பெயரை எழுதுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அக்கல்லில் உருவம் இருக்கிறது, செயல் இருக்கிறது, பெயர் இல்லை. உங்கள் கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் முகங்கள் இருக்கின்றன. அவற்றுள் எத்தனை முகங்களின் பெயரை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள்? அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் சென்று அமருங்கள். கையில் இருப்பது பழைய கருவியோ புதிய கருவியோ, படம் எடுங்கள், குரலைப் பதியுங்கள், பெயரைக் கேட்டு எழுதுங்கள், ஒரு படியை அவர் கையிலேயே கொடுங்கள்.